வீட்டில் பிராணவாயு உருளை



நாமக்கல் நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் சென்றவர்கள், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளைக் கண்டிருப்பார்கள். அங்கே சுவரோரமாகக் கறுப்பு நிற உருளை ஒன்றும், செம்பழுப்பு நிற உருளை ஒன்றும் நிற்கும். கறுப்பில் இருப்பது பிராணவாயு; செம்பழுப்பில் இருப்பது அசிட்டிலீன். தொழிலாளி இரண்டையும் கலந்து கொளுத்தி, இரும்புத் தகட்டின் ஓரிடத்தை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார். பிறகு கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்துகிறார். தீப்பொறி மழையாய்ச் சொரிகிறது, தகடு இரண்டாகிறது. தீச்சுடர் இரும்பை உருக்கி அறுத்துவிட்டது என்றே பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. நெம்புகோலை அழுத்தியதும் பாய்ந்தது தூய பிராணவாயு. அந்த வாயுவிலே, சிவந்திருந்த இரும்பு விறகுபோல எரிந்தே போயிற்று.

இரும்பையே எரியச் செய்யும் இப்பொருள்தான், மூச்சுத் திணறும் முதியவர் ஒருவரின் கட்டிலருகே நின்று அவருக்கு உயிரூட்டுகிறது. பட்டறையில் ஒரு பொருள், படுக்கையறையில் வேறொரு பொருள் என்பதில்லை. இரண்டும் ஒன்றே. இதனை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் விதிகளில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுக என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட முதற்பாடம். சேலம், நாமக்கல் வட்டாரத்தார்க்குப் பட்டறை நன்கு தெரிந்தது. ஆதலால் பட்டறையிலிருந்தே தொடங்கினேன்.

பிராணவாயு உருளை முன்னாளில் மருத்துவமனைக்குள்ளே மட்டும் காணப்பட்ட பொருள். 2021ஆம் ஆண்டு கோடையில் கொரோனா நோயின் இரண்டாம் அலை வீசியபோது அந்நிலை மாறிற்று. மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியிலுள்ள இரும்பாலையிலிருந்து திரவப் பிராணவாயு மருத்துவமனைகளுக்குச் சென்றது. சேலம் உருக்காலை வளாகத்தில் பிராணவாயு வசதியுடன் 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் அவ்வாண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதே மாதம் 14ஆம் நாள், மேற்கு வங்காளத்துத் துர்க்காப்பூரிலிருந்து பிராணவாயு ஏற்றிய சிறப்பு ரயில் சென்னைத் தண்டையார்ப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. இரும்பாலைக்கும் மூச்சுக்காற்றுக்கும் என்ன உறவு என்று அப்போது பலர் என்னைக் கேட்டார்கள். இரும்பிலுள்ள கரியை எரித்துப் போக்கி எஃகாக்குவதற்கு ஆலையார்க்குப் பிராணவாயு ஏராளமாக வேண்டும். காற்றை மிகக் குளிர்வித்துத் திரவமாக்கி, அதிலிருந்து அவர்கள் அதனைப் பிரித்தெடுக்கிறார்கள். நைட்ரஜன் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில் கொதித்துப் போய்விடும். பிராணவாயு 183 பாகையில்தான் கொதிக்கும். இந்த 13 பாகை வேற்றுமையே அத்தொழிலுக்கு அடிப்படை.

அந்த அலை ஓய்ந்தது. ஆனால் உருளை வீட்டுக்குள் வரும் வழக்கம் ஓயவில்லை. நெடுங்காலம் விறகடுப்புப் புகையை உண்ட தாய்மார்கள், பீடி பிடித்து நுரையீரல் கெட்டவர்கள், நூற்பாலைப் பஞ்சிலும் கல்லுடைக்கும் தூசியிலும் உழைத்தவர்கள் ஆகியோருள் சிலருக்கு, வீட்டிலேயே நாள்தோறும் பிராணவாயு கொடுக்குமாறு மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். இரத்தத்தில் பிராணவாயு மிகக் குறைந்துபோன நுரையீரல் நோயாளிகளுக்கு ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் அதனைக் கொடுத்தால் ஆயுள் நீடிக்கும் என்பது, 1980, 1981ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெளியான இரண்டு ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்டது. ஆகவே இது வீண் ஆடம்பரமன்று, மருந்து. இந்தியச் சட்டமும் இதனை மருந்து என்றே கொள்கிறது. தூய்மை 99 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது விதி.

மருந்து என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் வட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் உறவினர் இல்லாத குடும்பம் அரிது. நள்ளிரவில் வீட்டு உருளை தீர்ந்துவிட்டால், பட்டறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து மாட்டிவிடலாமே என்ற எண்ணம் எவருக்கும் எழும். மருத்துவப் பிராணவாயுவும் பட்டறைப் பிராணவாயுவும் ஒரே ஆலையில் பிறந்திருக்கலாம். ஆனால் அவை வாழ்ந்த உருளைகள் வேறு. வெல்டிங் செய்யும்போது பிராணவாயுவின் அழுத்தம் தாழ்ந்துவிட்டால், அசிட்டிலீன் குழாய் வழியே பின்னோக்கிப் புகுவதுண்டு. துருவும் தூசியும் உள்ளே சேர்ந்திருக்கலாம். மருத்துவ உருளையை நிரப்புவோர் அதனுள்ளே முன்பிருந்த காற்றை வெளியேற்றி, சோதித்து, தொகுதி எண் இட்டு அனுப்புதல் வேண்டும். பட்டறை உருளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அடையாளம் எளிது. மருத்துவப் பிராணவாயு உருளையின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. முழுதும் கறுப்பாக இருந்தால் அது தொழிற்சாலைக்குரியது. நீல நிறமானால் அது மயக்கம் தரும் நைட்ரஸ் ஆக்சைடு. சாயம் உரிந்து நிறம் தெரியாத உருளையைக் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் வாங்காதீர்கள்.

சிறிய மருத்துவ உருளைகள் பலவற்றின் வால்வில் இரண்டு சிறு துளைகளைக் காணலாம். ரெகுலேட்டரில் அவற்றுக்கு நேராக இரண்டு முளைகள் இருக்கும். பிராணவாயுவுக்கு 2ஆம் இடத்திலும் 5ஆம் இடத்திலும், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3ஆம் இடத்திலும் 5ஆம் இடத்திலும் எனத் துளைகளின் இடங்கள் உலக முழுவதும் ஒப்பிய முறையில் அமைந்துள்ளன. ஒன்றன் முளை மற்றொன்றன் துளையில் பொருந்தாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருட்டில் தவறு செய்யாதிருக்க அமைத்த ஏற்பாடு இது. ஆகவே பொருந்தவில்லை என்றால் அராவிப் பொருத்த முயலாதீர்கள். பொருந்தாமையே அங்கே எச்சரிக்கை.

இனிக் கொஞ்சம் கணக்கு. பள்ளியை விட்டபின்னும் கணக்கு என்னை விடவில்லை. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். வீடுகளில் காணும் சிறிய உருளையைப் பி வகை என்பர். அதனுள் 10 லிட்டர் தண்ணீர் கொள்ளும். ஆள் உயரத்தை எட்டும் பெரியது டி வகை; அது 46.7 லிட்டர் கொள்ளும். இவற்றுள் பிராணவாயுவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தத்தில் அடைக்கிறார்கள். அழுத்தம் எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு வாயு அந்த இடத்துக்குள் அடங்கும் என்பது பாயில் என்னும் அறிஞர் கண்ட விதி. ஆகவே சிறியதில் 10ஐ 150ஆல் பெருக்க 1500 லிட்டர். பெரியதில் சுமார் 7000 லிட்டர். மருத்துவர் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று எழுதியிருந்தால், சிறிய உருளை 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் வரும். பெரியது இரண்டு நாளும் சில மணியும் தாண்டும்.

இக்கணக்கு ஏட்டுக்கணக்கன்று. ரெகுலேட்டரில் உள்ள அழுத்தமானியைப் படுக்கப் போகுமுன் ஒருமுறை பாருங்கள். சிறிய உருளையில் முள் 60இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10ஐ 60ஆல் பெருக்க 600 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டரானால் 300 நிமிடம். 5 மணி நேரம். இரவு 10 மணிக்கு நீங்கள் கண்ணயர்ந்தால் விடியற்காலை 3 மணிக்கு அது தீர்ந்துபோகும். அந்நேரத்தில் நோயாளிக்கும் கூப்பிடத் தெம்பிராது, உங்களுக்கும் விழிப்பிராது. இங்கே ஓசையும் இல்லை, மணியடிப்பும் இல்லை. முழுதும் தீரும்வரை விடாமல், முள் 15க்கு அருகே வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. சில மானிகளில் வேறு அளவு எழுதியிருக்கும். அங்கே நிறைந்த உருளைக்கு 2100க்கு மேல் காட்டும். எந்த அளவாயினும், நிறைந்த நிலையில் முள் எங்கே நின்றது என்று முதல் நாளே குறித்துக்கொண்டால், பாதி, கால் என்று பங்கு போடுவது எளிது. உருளையைத் தூக்கிப் பார்த்து அளவு சொல்லுவோர் உண்டு. டி வகை உருளை ஓர் ஆள் எடை இருக்கும். அதனுள் நிறைந்த பிராணவாயுவோ 10 கிலோவுக்கும் குறைவு. கையின் தீர்ப்பை நம்பாமல் மானியை நம்புக.

தீயைப்பற்றிச் சொல்ல வந்தால் நேரம் போதாது. ஆயினும் இப்பேச்சின் உயிர்நாடி அதுவே.

பிராணவாயு தானாக எரிவதில்லை. இதை நம்மவர்கள் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ‘எரியாத வாயுதானே’ என்று துணிவு கொள்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்து காட்டுவேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கண்ணாடிக் குழாயில் இட்டுக் காய்ச்சி, வெளிவரும் வாயுவில், சுடர் அணைந்து தணல் மட்டும் உள்ள குச்சி ஒன்றை நீட்டினால், அது குப்பென்று மீண்டும் சுடர்விடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். வாயு எரியவில்லை, குச்சியை எரிய வைத்தது. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு இருக்கும் பிராணவாயு, 24, 25 பங்கு ஆனாலே பொருள்கள் பற்றும் வேகம் மாறிவிடுகிறது. மூக்குக்குழாயிலிருந்து கசியும் வாயு நோயாளியின் தலையணையிலும் போர்வையிலும் மீசையிலும் புடவைத் தலைப்பிலும் தங்குகிறது. அந்நிலையில் ஒரு பொறி விழுந்தால் அது துணியைக் கருக்கிவிட்டு அணையும் பொறியாக இராது. 1967ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் அமெரிக்காவில் அப்போலோ 1 விண்கலத்தைத் தரையில் வைத்துச் சோதித்தபோது, தூய பிராணவாயு நிறைந்த கூண்டுக்குள் தீப்பற்றி, மூன்று விண்வெளி வீரர்கள் நொடிப்பொழுதில் மாண்டார்கள். 2021 ஏப்ரலில் பாக்தாத் நகரத்து இபின் அல் கதீப் மருத்துவமனையில் பிராணவாயு உருளைகளால் மூண்ட தீயில் எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். பெரியவர் ஒருவர் மூக்கில் குழாயுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார். உருளை நின்ற இடமோ பூசை மாடத்தின் கீழே! மேலே குத்துவிளக்கு, அதற்குப் பக்கத்தில் கற்பூரத் தட்டு. வெள்ளிக்கிழமையாதலால் சாம்பிராணித் தூபமும் போடவிருந்தார்கள். ‘உயிர் காக்கும் பொருளாச்சுங்களே, சாமிக்குப் பக்கத்துல இருக்கட்டும்னு வெச்சோமுங்க’ என்றார் அவ்வீட்டு அம்மையார். அவர்தம் பக்தியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உருளையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, விளக்கைக் கூடத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன், அவ்வாறே செய்தார்கள். விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, கொசுவத்தி, எரிவாயு அடுப்பு, பீடி, சிகரெட்டு ஆகிய எதுவாயினும் பத்தடிக்கு இப்பால் வரலாகாது. இயன்றால் அவை வேறு அறையில் இருக்கட்டும். கார்த்திகைத் தீபத்தன்று இதனை மறவாதீர்கள். நோயாளி பீடி பிடிப்பவரானால், குழாயைக் கழற்றியவுடன் பற்றவைப்பதும் கேடே. துணியில் தங்கிய வாயு போகச் சன்னல்களைத் திறந்துவைத்து அரைமணி நேரமாவது கழிதல் வேண்டும். பீடியையே விட்டுவிடுதல் சிறப்பு என்பதை மருத்துவர் சொல்லியிருப்பார்.

விளக்குக்கு அஞ்சுகிறவர்களும் எண்ணெய்க்கு அஞ்சுவதில்லை. எண்ணெய்க்கே நான் மிகுதியும் அஞ்சுகிறேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றைத் திடீரென்று நெருக்கினால் வெப்பம் பிறக்கும். உருளையின் வால்வைச் சட்டென்று திறந்தால், 150 மடங்கு அழுத்தத்தில் உள்ள வாயு ரெகுலேட்டரின் சிறு துவாரத்துக்குள் பாய்ந்து மோதி நெருங்குகிறது. பம்பில் கை பொறுக்கும் அளவாக இருந்த சூடு அங்கே பல நூறு பாகைக்கு ஏறிவிடும். அவ்விடத்தில் ஒரு துளி எண்ணெயோ கிரீசோ இருந்தால், தீக்குச்சி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். எண்ணெய் பற்றினால் ரப்பர் வளையம் பற்றும்; அதனைத் தொடர்ந்து உலோகமும் எரியும். பட்டறையில் இரும்பு எரிந்ததைத்தான் தொடக்கத்தில் கண்டோமே!

நம் நாட்டில் திருகு இறுகினால் எண்ணெய் விடுவது கைவந்த பழக்கம். பூட்டுக்கும் கீலுக்கும் அது தகும். பிராணவாயு வால்வுக்கு ஒருபோதும் தகாது. தேங்காயெண்ணெய் தடவித் தலைவாரிய கையோடும், சமையற்கட்டிலிருந்து வந்த கையோடும், வண்டி பழுதுபார்த்த கையோடும் அதனைத் தொடலாகாது. சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே தொடுக. சாராயச் சத்துள்ள கைச்சுத்தித் திரவம் தடவியிருந்தால், அது முற்றும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். நோயாளியின் மூக்கு வறண்டால் வாசலினோ தைலமோ தடவாமல், நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பு எது என்று மருந்தகத்தில் கேட்டு வாங்குக.

உருளையை மாற்றும் முறையைச் சுருங்கக் கூறுகிறேன். உருளையை நிறுத்திச் சங்கிலியாலோ கயிற்றாலோ சுவரோடு பிணைத்துக்கொள்க. அது சாய்ந்து விழுந்து வால்வு முறிந்தால், உள்ளிருக்கும் அழுத்தம் அந்த இரும்புத் தூணை ராக்கெட்டுபோல உந்தும். செங்கற்சுவர் அதனைத் தடுக்குமென்று எண்ணவேண்டா. மூடியை அகற்றியபின், நோயாளிக்கு அப்பால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வால்வை ஒரு கணம் சிறிதே திறந்து மூடுங்கள். வாயிலிலுள்ள தூசி பறந்துவிடும். பிறகு ரெகுலேட்டரை அதற்குரிய வளையத்துடன் பொருத்துக. பாய்வைக் காட்டும் பிளோமீட்டரின் குமிழை மூடிவைத்து, ரெகுலேட்டருக்கு நேரெதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, உருளை வால்வை மிகமிக மெல்ல இடப்புறமாகத் திருப்புக. முள் ஏறி நின்றபின் இன்னும் ஒரு சுற்றுத் திறந்தால் போதும்.

‘சுர்ர்’ என்ற ஓசை கேட்டால் எங்கோ கசிகிறது. வால்வை மூடிவிட்டு, வளையம் இருக்கிறதா, சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். கசியும் இடத்தைக் காணச் சலவைத்தூள் கரைத்த நீரைச் சிறிது தொட்டு வைத்தால் குமிழி எழும். பார்த்தபின் ஈரத்துணியால் துடைத்துவிடுக. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் மேதைகள் சிலர் உண்டு என்று கேள்வி! துணிக்கிழிசலும் சணலும் பசைநாடாவும் சுற்றிக் கசிவை அடைக்க முயலலாகாது. வளையத்தை மாற்றியும் நிற்காவிட்டால், வால்வை மூடி, உருளையைத் திறந்தவெளிக்குக் கொண்டுசென்று, கொடுத்தவரை அழைப்பதே வழி. நிறுத்தும்போது முதலில் உருளை வால்வை மூடி, முள் பூச்சியத்துக்கு இறங்கியபின் குமிழை மூடுக. வரிசை மாறினால் ரெகுலேட்டருக்குள் அழுத்தம் சிறைப்பட்டுக் கிடக்கும்.

அடுத்து, அளவு. பிளோமீட்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சிறு குண்டு மிதக்கும். குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டுக்கு நேராக நிற்கிறதோ, அதுவே நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்னும் அளவு. மூக்குக்குழாய்க்குப் பெரும்பாலும் 1 முதல் 4 லிட்டர் வரை எழுதுவார்கள். முகத்தை மூடும் மாஸ்க்கானால் 5 லிட்டருக்குக் குறைத்தல் தவறு. குறைத்தால் நோயாளி தாம் விட்ட மூச்சையே திரும்ப வாங்கும்படி நேரும்.

இவ்விடத்தில் பாசம் பகையாகிறது. தந்தை திணறுவதைக் காணப் பொறாத மகன், ‘இன்னுங் கொஞ்சம் ஏத்தி வெக்கட்டுங்களா அப்பா?’ என்று கேட்டுக்கொண்டே குமிழைத் திருகிவிடுகிறான். பீடியாலும் புகையாலும் நாட்பட நுரையீரல் கெட்டவர்களுள் பலருக்கு அளவுமீறிய பிராணவாயு நன்மை செய்வதில்லை. அவர்கள் உடம்பில் கரியமில வாயு வெளியேறாமல் தேங்குகிறது. திணறல் தணிந்ததுபோலத் தோன்றும். நோயாளி அமைதியாகக் கண்மூடுவார். நிம்மதியான உறக்கம் என்று வீட்டார் மகிழ்வார்கள். அது உறக்கமன்று, மயக்கத்தின் தொடக்கம் ஆதலும் கூடும். காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் குறிகள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் மற்றவர்களுக்கு 94க்கு மேல் இருத்தல் நலம் என்பர். இத்தகைய நோயாளிகளுக்கோ 88 முதல் 92 வரையே இலக்கு. உங்கள் வீட்டு நோயாளி எந்த வகையினர் என்பதை மருத்துவரிடம் நேரே கேட்டு, எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக. குமிழைத் திருகும் உரிமை அந்தத் தாளுக்கே உண்டு. எழுதிய அளவில் கொடுத்தும் எண் இறங்கினால், அல்லது எழுப்ப எழும்பாத கலக்கம் கண்டால், 108க்கு அழைக்க வேண்டுமேயன்றி வீட்டிலிருந்து சோதனை செய்துகொண்டிருக்கலாகாது.

அந்த ஆக்சிமீட்டரும் பிழை செய்யாத கருவியன்று. நகப்பூச்சு இருந்தாலும் விரல் குளிர்ந்திருந்தாலும் தவறாகக் காட்டும். கருநிறத் தோல் உடையவர்களிடம் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதுண்டு என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் எடுத்துரைக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் அந்நிறத்தினரே! ஆகவே எண்ணையும் பாருங்கள். ஆளின் முகத்தையும் பாருங்கள்.

ரெகுலேட்டருக்கு அடியில் தொங்கும் நீர்ப்புட்டி வாயுவை ஈரமாக்குவதற்காக அமைந்தது. 4 லிட்டருக்கு உட்பட்ட அளவுக்கு அது இல்லாமலும் நடக்கும். வைத்தால் தூய்மையாக வைத்தல் வேண்டும். வடித்தெடுத்த நீர், அல்லது கொதித்து ஆறிய நீர், புட்டியிலுள்ள இரு கோடுகளுக்கு இடையே நிற்கட்டும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டி, புட்டியைக் கழுவிப் புதுநீர் விடுக. குழாய்நீரும் போர்நீரும் உதவா. அவற்றில் வளரும் கிருமிகளை நேரே நுரையீரலுக்கு ஊதிவிட்டவர்களாவோம்.

நம் சமவெளியின் வெயிலைப்பற்றியும் ஒரு சொல். சித்திரையில் சேலத்தில் 40 பாகை என்பது புதுமையன்று. 15 பாகையில் 150 காட்டும் உருளை 45 பாகையில் ஏறத்தாழ 165 காட்டும். உருளை அதனைத் தாங்கும்படியே வார்க்கப்பட்டது; ஆயினும் தகரக் கொட்டகையிலும், பூட்டிய காரிலும் அதனை வேகவிடுவது முறையன்று. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்கவும். உருளையின் கழுத்தருகே எண்கள் பொறித்திருக்கும். கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த மாதமும் ஆண்டும் அவற்றுள் அடங்கும். 5 ஆண்டுக்கு ஒருமுறை அச்சோதனை நடந்திருத்தல் வேண்டும் என்பது விதி. வாங்கும்போதே படித்துப் பாருங்கள். கடைக்காரர் முகஞ்சுளித்தாலும் பாதகமில்லை. ஏற்றிவரும் வண்டியில் அது உருளாதபடி கட்டியிருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவதைக் கண்டு நான் பதைத்ததுண்டு.

இக்காலத்தில் பலர் மின்சாரத்தால் இயங்கும் கருவியை வாங்குகிறார்கள். அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் சியோலைட்டு என்னும் மணிகளில் ஒட்டவைத்து, ஏறத்தாழ 93 விழுக்காடு பிராணவாயுவைத் தருகிறது. நிரப்பும் கவலை இல்லை. உயர்ந்த அழுத்தமும் இல்லை. நாள்தோறும் பல மணி நேரம் வேண்டுவோர்க்கு என் எண்ணத்தில் இதுவே ஏற்றது. ஆனால் மின்சாரம் நின்றால் மூச்சும் நிற்கும். மழைக்காற்றில் கம்பி அறுந்து இரவெல்லாம் இருள் சூழும் ஊர்கள் ஆத்தூர்ப் பக்கத்திலும் இராசிபுரம் பக்கத்திலும் உண்டல்லவா? அத்தகைய ஊரில் கருவியோடு சிறிய உருளை ஒன்றும் நிறைந்த நிலையில் இருக்கட்டும். அவ்வுருளையின் முள்ளை வாரம் ஒருமுறை பார்த்து, மூடிவைக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் உருளையைத் தேட மெழுகுவத்தி ஏற்றிவிடாதீர்கள். கைவிளக்கு ஒன்றைக் கட்டிலின் காலிலேயே கட்டித் தொங்கவிடுக.

உருளை வேண்டாத நாளும் வரும். நோயாளி தேறியிருக்கலாம், நம்மை விட்டு நீங்கியும் இருக்கலாம். துயரத்தில் இருக்கும் வீட்டில் அந்த இரும்பைப்பற்றி எவரும் நினைப்பதில்லை. அது பரணுக்கடியிலோ மாட்டுக்கொட்டகையிலோ ஒதுங்கிவிடுகிறது. காலியானாலும் சிறிது அழுத்தம் எஞ்சியிருக்கும்போதே வால்வை மூடுதல் வேண்டும். இல்லையேல் ஈரக்காற்று உள்ளே புகுந்து துருவை விளைக்கும். மேலே ‘காலி’ என்று சுண்ணக்கட்டியால் எழுதி, மூடியை மாட்டி, நிறுத்தியபடியே வண்டியில் ஏற்றி, வாங்கிய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம் செலுத்திய சீட்டை ரெகுலேட்டர்ப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அன்று தேட வேண்டியிராது.